எந்தக் கசெரேகா?

எங்க மலையில பிள்ளைக்குப் பேர் வைக்க யாரும் மண்டையை உடைச்சுக்கிறதில்லை. முதல் ஆம்பளைப் பிள்ளை மும்பெரே. ரெண்டாவது கம்பாலே, மூணாவது கசெரேகா, நாலாவது கக்கூலே. அவ்வளவுதான், முடிஞ்சது. கோயில்ல ஃபாதர் "கசெரேகா வந்து வாசிக்கட்டும்"னு சொன்னா மூணு பெஞ்சுலயிருந்து ஆள் எழுந்திரிக்கும். என் வீட்டுக்காரரும் கசெரேகாதான். அவர் மட்டும் எழுந்திரிக்க மாட்டார். "இருக்கிற கசெரேகா போதாதா, நான் வேற எதுக்கு?"ன்னு கண்ணை மூடிக்குவார். சோம்பேறி மனுஷன். பின்னால ஒட்டிக்கிட்டு இன்னொரு பேரும் எல்லாருக்கும் உண்டு, அவருக்கு ல்வான்சோ. அதையெல்லாம் ஊருக்குள்ள யார் கூப்பிடுறா?

இந்தப் பேர் சங்கதியை நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்க காட்டுக்காரங்கதான், துப்பாக்கியும் கத்தியுமா காட்டுலயிருந்து வந்து ஊரை வெட்டிப் போடுற கும்பல், நாசமாப் போறவங்க. பதுங்கியிருக்கிற ஆளைத் தேடி அவங்க மெனக்கெடவே மாட்டாங்க. தோட்டத்து ஓரமா நின்னு, கூடப்பிறந்தவன் கூப்பிடுற மாதிரி மெதுவா, "கம்பாலே... ஏ கம்பாலே..."ன்னு ஒரு குரல் கொடுப்பாங்க. எந்த வீட்லதான் ரெண்டாவது பிள்ளை இல்லை? எவனாவது ஒருத்தன் "ஓய்"னு சொல்லித் தொலைப்பான். அதோட அவன் கதை முடிஞ்சது. அப்படிச் சில பேரைப் பறிகொடுத்த பிறகுதான் ஊர்ல ஒரு முடிவுக்கு வந்தோம். தெரியாத குரல் கூப்பிட்டா, வாயைத் திறக்கக் கூடாது. தெரிஞ்ச குரல் கூப்பிட்டாத்தான் வெளியே வரணும்.

என் குரல் எல்லாருக்கும் தெரியும். ரோட்டோரமா உட்கார்ந்து மண்டாசி பொரிச்சு விக்கிறவ நான். மாவை உருட்டி எண்ணெயில போடுறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சிடுவேன். "கவிரா, நீ கத்துறதுல மண்டாசி பயந்து உப்புதுடீ"ன்னு என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அன்னைக்கு நான் கடை போடலை. கொக்கோ அறுப்பு. தனியாப் போனா ஆபத்துன்னு ஊரே சேர்ந்துதான் தோட்டத்துக்குப் போவோம். ஆம்பளைங்க காயைப் பறிச்சுப் போட, நாங்க பொம்பளைங்க உடைச்சு விதையை வழிச்சுக்கிட்டிருந்தோம். வெயில் நல்லா ஏறிடுச்சு. என் வீட்டுக்காரர் முதுகுல மருந்தடிக்கிற டப்பாவை மாட்டிக்கிட்டு வரிசைக்கு வரிசை நடந்துக்கிட்டிருந்தார். அந்த டப்பா வார் பட்டுப் பட்டு அவர் ரெண்டு தோளும் காய்ச்சுப் போயிருக்கும். ராத்திரி நான்தான் பனையெண்ணெய் தேய்ச்சு விடணும், இல்லேன்னா ஐயாவுக்குத் தூக்கம் வராது.

முதல் வெடி ஊர்ப் பக்கம் கேட்டுச்சு. ரெண்டாவது வெடி எங்க தலைக்கு மேல. யாரும் யாரையும் பார்க்கலை, கூடையைப் போட்டது போட்டபடி ஓடினோம். நான் ஓடைக்கரையில வாழைச் சருகுக்குள்ள விழுந்து கிடந்தேன். சத்தம் அடங்கி, காட்டுக்காரங்க மேற்கே போயிட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எழுந்து அவரைத் தேடினேன். கொக்கோ மரத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். டப்பா இன்னும் முதுகுலதான் இருந்துச்சு. தொடையிலயிருந்து ரத்தம் குபுகுபுன்னு வந்துக்கிட்டிருந்துச்சு.

"ஐயோ, என்னங்க இது!"

"கத்தாதேடீ. உன் குரல் எங்க வரைக்கும் கேக்கும்னு உனக்கே தெரியும்."

இடுப்புத் துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினேன். கட்டக் கட்ட நனைஞ்சுது. அவரைத் தூக்க என்னால முடியலை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ரோட்டுல வண்டி வேணும். மத்த ஆம்பளைங்க எல்லாம் தோட்டத்துக்குள்ள எங்கெங்கேயோ பதுங்கிக் கிடந்தாங்க, ஒரு சருகு அசையலை.

"நீ ரோட்டுக்குப் போ. யாராவது வந்தா நிறுத்து. வரும்போது யார் எவர்னு பார்த்துட்டு வா. அவசரப்பட்டுக் காட்டுக்காரன் கால்ல விழுந்துடாதே"ன்னார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்துச்சு. இருந்தும் வாய் மட்டும் அடங்கலை. "நான் செத்துட்டா நாலாவதாப் பொறந்த எவனையாவது கட்டிக்கோ, பேரை ஒண்ணு கூட்டிக் கூப்பிட்டாப் போதும்."

"வாயை மூடுங்க"ன்னு திட்டிட்டுத்தான் போனேன். நான் அவர்கிட்ட கடைசியாப் பேசின பேச்சு அதுதான்.

ரோட்டுல ரெண்டு லாரி நின்னுச்சு. பச்சை உடுப்பு, துப்பாக்கி. உடுப்பைப் பார்த்து எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டோம். செத்த சிப்பாய்கிட்ட உருவி அதையேதான் காட்டுக்காரங்களும் மாட்டிக்கிட்டு வருவாங்க. புதருக்குள்ள உட்கார்ந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். லிங்காலாவுல பேசிக்கிட்டாங்க, சிப்பாய்ங்க பேசுற தலைநகர்ப் பக்கத்துப் பேச்சு. அதுவும் போதாது, பாஷையைக் கத்துக்கிட்டவன் காட்டுலயும் இருக்கான். அப்பத்தான் லாரிக்குப் பின்னாலயிருந்து ஒருத்தன் வந்தான். பார்த்ததும் உயிர் வந்துச்சு. என்கிட்ட மண்டாசி வாங்குற சிப்பாய். எப்பவும் "கருகினதாப் பொறுக்கிக் கொடும்மா"ன்னு கேக்கிற ஒரே பைத்தியம் அவன்தான். நிஜ ராணுவம்! நிஜமாவே நம்ம ராணுவம்!

கையைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். "மண்டாசி அம்மா!"ன்னான் அவன். நான் ஓன்னு அழுதுட்டேன். என் வீட்டுக்காரர் குண்டடி பட்டுக் கிடக்கார், தூக்குங்கன்னு கெஞ்சினேன்.

கேப்டன் ரொம்ப மரியாதையாப் பேசினார். "கவலைப்படாதீங்கம்மா. எல்லாரையும் டவுனுக்குக் கொண்டுபோயிடுறோம். உள்ளே இன்னும் ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க ஐயா. பயந்து கிடக்காங்க."

"நாங்க கூப்பிட்டா வர மாட்டாங்க. நீங்க கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். இன்னைக்கும் அதை நினைச்சா என் நாக்கை இழுத்து வச்சு அறுக்கலாம்னு தோணுது. ஆனா நீங்க இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பீங்க. ரத்தம் போய்க்கிட்டிருக்கிற மனுஷன் ஒருத்தர் உள்ளே கிடக்கார், வண்டி எதிர்ல நிக்குது. தோட்டத்து ஓரத்துல நின்னு அடிவயித்துலயிருந்து கத்தினேன். "மும்பெரே! கம்பாலே! கசெரேகா! கக்கூலே! நான் கவிரா! வெளியே வாங்க, நம்ம ராணுவம் வந்திருக்கு!"

முதல்ல ஒரு தலை தெரிஞ்சுது. அப்புறம் இன்னொண்ணு. மரத்துக்கு மரம் ஆம்பளைங்க எழுந்து வந்தாங்க, மண்ணும் சருகுமா. ரெண்டு பேர் என் வீட்டுக்காரரைத் தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஆண்டவரே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு.

"சட்டையைக் கழட்டுங்கடா"ன்னார் கேப்டன்.

எனக்குப் புரியலை. காயம் பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். வரிசையா உட்கார வச்சு ஒவ்வொருத்தன் தோளையும் தடவிப் பார்த்தாங்க. என் வீட்டுக்காரர் தோள்கிட்ட வந்ததும் கேப்டன் நின்னுட்டார்.

"துப்பாக்கி வார் பட்ட தழும்பு."

"ஐயா, அது மருந்து டப்பா வார்! கொக்கோவுக்கு அடிக்கிற மருந்து! அந்தா, டப்பா அங்கேயே கிடக்கு, போய்ப் பாருங்க!"

"காட்டுக்காரன் ஊர்ல தங்கியிருந்த அத்தனை பேரையும் வெட்டிப் போட்டிருக்கான். இவனுங்க மட்டும் எப்படித் தப்பிச்சானுங்க?"

"ஒளிஞ்சிருந்தாங்க ஐயா!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். யார்கிட்டயிருந்து ஒளிஞ்சிருந்தானுங்க?"

சொல்லுங்க, நீங்களாவது சொல்லுங்க. செத்திருந்தா நல்லவங்க, உயிரோட இருந்ததால குத்தவாளிங்க. அவங்க சட்டையாலேயே அவங்க கையைப் பின்னால கட்டினாங்க. சக்கையைத் தூக்கிப் போடுற மாதிரி லாரிக்குள்ள போட்டாங்க, என் வீட்டுக்காரரையும்தான். அவர் ஒரு சத்தம் போட்டார், நான் அவர்கிட்ட அப்படியொரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. நான் லாரிக் கதவைப் பிடிச்சுத் தொங்கினேன். துப்பாக்கிக் கட்டையால விரல்ல அடிச்சான் ஒருத்தன். கருகின மண்டாசி தின்கிறவன் தன் பூட்ஸையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"டேய், நீ சொல்லுடா! உனக்கு எங்களைத் தெரியுமே!"

அவன் நிமிரவே இல்லை.

லாரி போயிடுச்சு. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா ஓடைப் பக்கமிருந்து வந்து என்னைச் சுத்தி நின்னாங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கலாம். எனக்கு அழக்கூட வரலை, பேயறைஞ்சவ மாதிரி ரோட்டைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.

மறுநாள்லயிருந்து டவுன்ல ராணுவ முகாம் வாசலே கதின்னு கிடந்தோம். எங்க ஊர்ப் பொம்பளைங்க மட்டுமில்லை, சுத்துப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருந்துச்சு. எல்லா மலையிலயும் அதே லாரி, அதே தோள் தடவல். கொண்டுபோன சோத்தை வாங்கிக்குவாங்க, உள்ளே போச்சா அவனுங்க வயித்துக்குப் போச்சா தெரியாது. ஆளைப் பத்திக் கேட்டா மட்டும் சிரிப்பு.

"எந்தக் கசெரேகா?"ன்னு கேப்பான் வாசல் சிப்பாய்.

"கசெரேகா ல்வான்சோ ஐயா. தொடையில காயம்."

"ல்வான்சோவாவது கில்வான்சோவாவது. கசெரேகான்னுதான் எழுதியிருக்கு. ஏன்டீ, உங்க மலையில வேற பேரே கிடைக்கலையா? ஒரு கசெரேகாவைச் சுட்டா பத்துக் கசெரேகா நிக்கிறான்!" அவன் கூட நின்னவனுங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எனக்கு அவன் பல்லைத் தட்டிக் கையில கொடுக்கணும் போல இருந்துச்சு. "ஆமாம் ஐயா"ன்னேன்.

டவுன்ல மாத்தேன்னு ஒருத்தர், மனித உரிமைக்காரர், வக்கீலுக்குப் படிச்சவர். அவர்தான் நாயா அலைஞ்சார். ஒருநாள் காலையில ஓடி வந்தார். வெளிநாட்டுக்காரங்க முகாமைப் பார்க்க வர்றாங்களாம். அதுக்குள்ள அடைச்சு வச்சிருக்கிற கூட்டத்தைக் குறைக்கணும்னு முகாம் கர்னல் சொல்லிட்டாராம்.

"நல்லாக் கேட்டுக்கோங்க"ன்னார் மாத்தே. "ஒரு பொம்பளை, ஒரு பேர். நீங்க சொல்ற பேரை உள்ளே பார்த்துக் கூப்பிடுவாங்க. ஆள் வெளியே வந்ததும் இவன்தான்னு சொல்லணும், கூட்டிக்கிட்டுப் போயிடணும். மாத்தியோ குழப்பியோ சொன்னா ரெண்டு பேரும் உள்ளே. நின்னு பேசாதீங்க, சண்டை போடாதீங்க. முக்கியமா நீ, கவிரா."

வரிசையில உட்கார்ந்தோம். முகாம் நடுவுல இரும்புக் கண்டெய்னர் ஒண்ணு, கப்பல்ல சாமான் ஏத்துற பெட்டி. அதுக்குள்ளதான் அடைச்சு வச்சிருந்தாங்க. கதவைத் திறந்ததும் நாத்தம் வாசல் வரைக்கும் அடிச்சுது. சிப்பாய் கதவுகிட்ட நின்னு பேரைக் கத்துவான், ஒரு ஆள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு வருவான். எனக்கு முன்னாடி ரெண்டு கசெரேகா போயாச்சு, ரெண்டும் வேற வேற ஊர். ஒவ்வொரு தடவை அந்தப் பேரைக் கூப்பிடும்போதும் என் நெஞ்சு நின்னு நின்னு ஓடுச்சு.

என் முறை வந்துச்சு.

"கசெரேகா!"

யாரும் வரலை.

"கசெரேகா! செத்துட்டியாடா?"

உள்ளே என்னமோ முணுமுணுப்பு. நான் மாத்தே சொன்னதை மறந்துட்டேன். "என்னங்க! நான் கவிரா வந்திருக்கேன்!"ன்னு கத்திட்டேன். சிப்பாய் என்னை முறைச்சுட்டுக் கதவைச் சாத்தப் போனான். அப்ப ஒரு ஆள் தள்ளாடிக்கிட்டு வெளியே வந்தான்.

அது என் வீட்டுக்காரர் இல்லை.

சின்ன வயசு. முகம் பூசணிக்காயா வீங்கிக் கிடந்துச்சு, ஒரு கண் திறக்கவே இல்லை. ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் அவனுக்குப் பின்னால பார்த்தேன். இன்னும் ஒருத்தர் நொண்டிக்கிட்டு வருவார், அவசரமே படமாட்டார், சோம்பேறி மனுஷன், மெதுவாத்தான் வருவார்.

"என்ன, இவன்தானே?"ன்னான் சிப்பாய்.

"வேற கசெரேகா உள்ளே..."

"இருந்த கசெரேகா எல்லாம் தீர்ந்தாச்சு. இவன்தான் கடைசி. உன் ஆளா, இல்லையா? இல்லேன்னா சொல்லு, திரும்ப உள்ளே தள்ளுறேன்."

அந்தப் பையன் என்னையே பார்த்தான். ஒரு கண்ணால. உதடு லேசா ஆடுச்சு, சத்தம் வரலை. எனக்குக் காதுக்குள்ள இரைச்சலா இருந்துச்சு. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமா. ஆனா கை அதுபாட்டுக்கு எழுந்து அவன் தோள்ல ஓங்கி ஒண்ணு வச்சுது.

"எத்தனை தடவைய்யா உன்னைக் கூப்பிடுறது? பொண்டாட்டி வாசல்ல நாய் மாதிரி கிடக்கேன், உனக்கு உள்ளே தூக்கமா? நட, வீட்டுக்கு நட! உன்னை அங்கே வச்சுப் பேசிக்கிறேன்!"

சிப்பாய்ங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. "டேய், இதுக்கு நீ உள்ளேயே இருந்திருக்கலாம்டா!"ன்னான் ஒருத்தன். நான் அவன் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கலை.

ரோட்டு முனை திரும்பினதும் அவன் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துட்டான்.

"எங்கே அவர்?"ன்னேன்.

"அக்கா..."

"எங்கேடா அவர்?"

"லாரியிலேயே அக்கா. பாலம் வர்றதுக்குள்ள. தண்ணி கேட்டார், இல்லைன்னாங்க. அப்புறம் கேக்கலை. பாலத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி ஆத்துல..."

நான் நின்னுக்கிட்டே இருந்தேன். லாரியில. அன்னைக்கே. நான் இத்தனை நாளா ஒவ்வொரு காலையிலயும் சோறு கட்டிக்கிட்டுப் போனது யாருக்கு?

"நீங்க கத்தினதும் உள்ளே இருந்த பெரியவங்க குரலைக் கண்டுபிடிச்சுட்டாங்க அக்கா. 'ல்வான்சோ பொண்டாட்டி வந்திருக்கா, யாரும் போகலைன்னா கதவைச் சாத்திடுவான், நீதான் சின்னவன், நீ போடா'ன்னு தள்ளி விட்டுட்டாங்க. மன்னிச்சுடுங்க அக்கா. நான் கசெரேகா இல்லை. கம்பாலே."

"எந்த ஊரு நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"ஆத்துக்கு அந்தப் பக்கம். கூலி வேலைக்கு வந்தேன், உங்க தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். வெடிச் சத்தம் கேட்டு ஒளிஞ்சிருந்தேன். நீங்க கம்பாலேன்னு கூப்பிட்டீங்க. பொம்பளைக் குரல், எங்க பாஷை. என்னைத்தான்னு நினைச்சு வந்துட்டேன்."

அடப் பாவி! நான் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக் கம்பாலேவை. இவன் யாரு, எவன் பெத்த பிள்ளை! ஊர் பேர் தெரியாதவனைக் கூட நான்தான் கூப்பிட்டு லாரியில ஏத்தியிருக்கேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"உனக்கு யாரு இருக்கா?"

"அம்மா. வரிசையில இருக்காங்க அக்கா, மஞ்சத் தலைத்துணி. இப்ப அவங்களைத் தாண்டித்தான் வந்தேன். இந்த மூஞ்சியில என்னை அடையாளம் தெரியலை."

அவன் அழுதான். எனக்குத்தான் வரலை. மூளை மட்டும் கிடுகிடுன்னு ஓடுச்சு. அந்தம்மா முறை வரும். கம்பாலேன்னு கூப்பிடுவான். வேற எவனாவது வருவான். இது என் பிள்ளை இல்லையேன்னு அந்தம்மா வாயைத் திறந்தா வந்தவன் திரும்ப உள்ளே. என் பிள்ளை எங்கேன்னு கூச்சல் போட்டா, அப்ப முதல்ல போனவன் யாருன்னு விசாரணை. மாத்தே மோட்டார் சைக்கிளோட அங்கேதான் நின்னுக்கிட்டிருந்தார். அவர்கிட்ட இவனை ஒப்படைச்சுட்டு நான் திரும்ப வாசலுக்கு நடந்தேன்.

"என்னடீ, புருஷன் வேணாமா? திருப்பித் தர வந்துட்டியா?"ன்னான் சிப்பாய்.

"சோத்துச் சட்டியை மறந்துட்டேன் ஐயா."

மஞ்சத் தலைத்துணிக்குப் பக்கத்துல குனிஞ்சு சட்டியைத் தேடுற மாதிரி உட்கார்ந்தேன். "அம்மா, திரும்பாதீங்க. உங்க கம்பாலே என்கூட வெளியே வந்துட்டான், முனையில பத்திரமா இருக்கான். இப்ப உள்ளேயிருந்து எவன் வந்தாலும் அவன்தான் உங்க மகன்."

அந்தம்மா உடம்பு ஒரு குலுக்கு குலுங்குச்சு. ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாக் கேட்டாங்க. "நீ கூட்டிட்டுப் போனியே, அவனா? அப்ப உன் புருஷன்?"

"செத்துட்டார்."

அந்த வார்த்தையை நான் வாயால சொன்னது அப்பத்தான். அந்தம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சாங்க.

"கம்பாலே!"ன்னு கத்தினான் சிப்பாய்.

உள்ளேயிருந்து ஒருத்தர் வந்தார். என் பக்கத்து வீட்டுக் கம்பாலே. என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார். அந்தம்மா எழுந்து ஓடினாங்க. "என் ராசா, என் தங்கம், சோறு தண்ணி இல்லாம இப்படிக் கிழவனாயிட்டியேடா!"ன்னு முன்னப்பின்ன பார்த்திராத ஆளைக் கட்டிக்கிட்டு, ஊரே கேக்கிற மாதிரி அழுதாங்க.

அதைப் பார்த்ததும் எனக்கு உடைஞ்சுது. வாசல்லேயே தரையில உட்கார்ந்து, மார்ல அடிச்சுக்கிட்டுக் கதறினேன். நிறுத்த முடியலை. சட்டி உருண்டு போச்சு.

சிப்பாய் கிட்ட வந்து நின்னான். "உனக்கென்னடீ வந்துச்சு? உன் புருஷனைத்தான் முழுசாக் கொடுத்தாச்சே. எதுக்கு ஒப்பாரி?"

இடுப்புத் துணி முனையால வாயைப் பொத்திக்கிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"சந்தோஷத்துல ஐயா"ன்னேன்.